செயென் மலையடிவாரத்துப் பிள்ளைகளும் ஸ்கொயர் டான்ஸ் கிளப்புகளும்

கேள்வி இதுதான்: கொலராடோவுக்கு வேலைக்குப் போயிருக்கும் ஒருவரின் பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. வாரம் ஒரு நாள், ஒரே துணியில் தைத்த சட்டையும் பாவாடையுமாக ஸ்கொயர் டான்ஸ் கிளப்புக்குக் கிளம்பிவிடுகிறார்கள். “இந்தக் கிளப்புகள் எப்படி வந்தன? ஏதாவது ஓர் உள்ளூர்க் குழுவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

சொல்லலாம். நீங்கள் இருப்பது கொலராடோ என்பதால் எனக்கு வேலை சுலபம். அந்த மாநிலத்திலேயே, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தை ஒட்டி, செயென் மலை என்று ஒன்று இருக்கிறது. அதன் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆடிய பிள்ளைகளின் கதையைச் சொல்கிறேன். கறாராகப் பார்த்தால் அது கிளப்பே அல்ல. சந்தா கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது, ஆடியவர்கள் எல்லாரும் பள்ளி மாணவர்கள். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போகிற மாதிரியான கிளப்புகளுக்கு வம்சாவளி எழுதினால், அந்தப் பிள்ளைகள்தான் பாட்டன் முறை.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான்கு ஜோடி, எட்டுப் பேர். ஒரு சதுரத்தின் பக்கத்துக்கு ஒரு ஜோடியாக உள்ளே பார்த்து நிற்பார்கள். ஆணுக்கு வலப்பக்கம் அவன் ஜோடி. இடப்பக்கம் நிற்கிற அடுத்த ஜோடிப் பெண்ணுக்குக் ‘கார்னர்’ என்று பெயர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். மேடையில் ஒருவர் மைக்கோடு நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தாளம் தப்பாமல் சொல்லிக்கொண்டே போவார். அவர்தான் ‘காலர்’. சட்டைக் காலர் இல்லை, கூப்பிட்டுச் சொல்கிறவர். அவர் சொல்வதையும் ‘கால்’ என்று எழுதினால் கை கால் எல்லாம் குழம்பிவிடும், அதனால் கட்டளை என்றே எழுதுகிறேன்.

கோலாட்டத்தில் அடுத்த அடி என்னவென்று ஆடுகிறவர்களுக்கு முன்பே தெரியும், பழகிவிட்டுத்தான் வருவார்கள். இங்கே அது தெரியாது. ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் பழக்கம். எந்தக் கட்டளைக்குப் பின் எது வரும் என்பது காலர் கையில். எட்டுப் பேரையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டு, கடைசியில் அவரவர் ஜோடியிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். நல்ல காலர்கள் இதை மனப்பாடமாகச் செய்வதில்லை. சதுரத்தைக் கண்ணால் பார்த்தபடியே, யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்டு அவிழ்ப்பார்கள்.

வேர்களைத் தேடிப் போனால் நாலா பக்கமும் இழுக்கும். 1651-இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு அச்சிட்ட நாட்டுநடனத் தொகுப்பு ஒரு பக்கம். பிரான்சின் கோட்டிலியன், குவாட்ரில் நடனங்கள் இன்னொரு பக்கம். ‘டோ-சி-டோ’ என்று காலர் கூவுவது ‘முதுகுக்கு முதுகு’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் சிதைவு. ‘சஷே’, ‘பிராமனாடு’, ‘அலெமாண்டு’ எல்லாம் அதே பிரெஞ்சு வழியில் வந்தவைதான். ஆனால் ஐரோப்பாவின் நடன ஆசிரியரிடம் காசு கொடுத்துப் படித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் காலர் எதற்கு? ஆடும்போதே சொல்லிக்கொடுக்கிற பழக்கம் அமெரிக்காவில்தான் வேரூன்றியது. அதில் பெரிய பங்கு கறுப்பினப் பிடில்காரர்களுடையது. தோட்ட முதலாளிகளின் விருந்துகளில் அடிமைகளாக இருந்த இவர்கள்தான் வாசிப்பார்கள்; வாசித்துக்கொண்டே அடுத்த அசைவையும் கூவிச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் குறிப்புகளில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். பிற்காலத்துக் கிளப்புகளின் கௌபாய்த் தொப்பிக்கும் பூட்ஸுக்கும் நடுவே இந்தச் சங்கதி காணாமல் போய்விட்டது.

சரி, செயென் மலைக்கு வருவோம்.

1916-இல் அங்கிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கு லாயிட் ஷா என்பவர் பொறுப்பாளராக வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுதான். 1951 வரை, முப்பத்தைந்து வருடம், அதே பள்ளி. பிள்ளைகள் ‘பாப்பி’ என்று கூப்பிடுவார்கள். நாம் ‘அய்யா’ என்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் வழக்கமான தலைமையாசிரியர் அல்ல. சுற்றிலும் இருந்த பள்ளிகள் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பைத்தியமாக இருந்தபோது, அதைத் தன் பள்ளியில் விட்டுவிட்டு, பனிச்சறுக்கு, குதிரை, மலையேற்றம் என்று பிள்ளைகளைத் திருப்பியவர். கால்பந்தில் பதினோரு பையன்கள் ஆடுவார்கள், பள்ளிக்கூடமே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். பையன்களும் பெண்களுமாக எல்லாரும் இறங்கக்கூடிய ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அப்படித்தான் நடனத்துக்கு வந்தார்.

வந்ததும் ஸ்கொயர் டான்ஸில் கை வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். முதலில் புத்தகங்களைப் பார்த்து ஐரோப்பிய நாட்டுப்புற நடனங்களைச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பக்கத்துப் பழைய குவாட்ரில்கள். அதன்பின்தான், தன் வீட்டு வாசலிலேயே, கொலராடோவின் பண்ணைகளிலும் சுரங்க ஊர்களிலும் கிழவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்ததைக் கவனித்தார். ஊர் ஊராகப் போய் அந்தப் பழைய காலர்களைப் பிடித்து, அவர்கள் வாயிலிருந்து வந்ததை எழுதிக்கொண்டார். ஒரே நடனத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மாதிரி, அடுத்த பள்ளத்தாக்கில் வேறு மாதிரி. பல வரிகள் பொருளே இல்லாத எதுகை. சிலருக்கு முழுசாக ஞாபகம் இல்லை. ஒருவர் பாதி சொல்ல, இன்னொருவரிடம் மீதியைத் தேடி ஒட்டவைக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் நாட்டார் பாடல் சேகரிக்கப் போனவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம். ‘டோ-சி-டோ’ என்றால் முதுகுக்கு முதுகு என்று மேலே சொன்னேனே, மேற்கத்திக் கிழவர்கள் அதே சொல்லுக்கு இரண்டு ஜோடிகள் கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றுகிற வேறோர் அசைவை ஆடினார்கள். இரண்டும் வேறு வேறு என்பதை ஷா மெனக்கெட்டுப் பிரித்துக் காட்டினார். சேகரித்ததையெல்லாம் சேர்த்து 1939-இல் ‘கௌபாய் டான்சஸ்’ என்ற புத்தகமாகப் போட்டார். ஐடஹோவில் ஒரு பதிப்பகம் வெளியிட்டது. முன்னுரை எழுதியவர் நாவலாசிரியர் ஷெர்வுட் ஆண்டர்சன். பாடநூல் மாதிரி இருந்திருந்தால் நூலகத்தில் தூங்கியிருக்கும். வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்கிற அளவுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம் அது. ஆடத் தெரியாதவர்களும் வாங்கினார்கள்.

புத்தகம் செய்ததைவிடப் பிள்ளைகள் செய்தது அதிகம். பள்ளியிலிருந்து எட்டு ஜோடிகள், அதாவது இரண்டு சதுரம், ‘செயென் மவுன்டன் டான்சர்ஸ்’ என்ற பெயரில் வெளியூர்களில் ஆடத் தொடங்கினார்கள். 1930-களில் சென்ட்ரல் சிட்டி என்ற பழைய சுரங்க ஊரின் கோடை விழாவில் ஆடினார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியிலிருந்து, பள்ளி விடுமுறைகளில் நாட்டின் இரண்டு கரைகளுக்கும் பயணம். பெண்கள் பழைய பாணியில் நீளமான கவுன், பையன்கள் பூட்ஸ். ஓரத்தில் ஷா நின்று கட்டளை சொல்வார். பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது ஆட்டத்தின் வேகம். ஸ்கொயர் டான்ஸ் என்றால் களஞ்சியத்தில் வைக்கோல் மேல் கிழடுகள் தள்ளாடுவது என்று நகரத்தார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஆடி, பெண்களைத் தூக்கிச் சுழற்றி, மூச்சு வாங்காமல் வணங்கிவிட்டுப் போனார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ‘நாமும் ஆட வேண்டும்’ என்று வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கு ஆசிரியர்கள் வேண்டுமே? அங்கேதான் ஷாவின் கோடை வகுப்பு வருகிறது. ‘கௌபாய் டான்சஸ்’ வெளிவந்த காலத்தை ஒட்டி, கோடையில் பள்ளியைத் திறந்துவைத்து, பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். உடற்பயிற்சி ஆசிரியர்கள், பொழுதுபோக்கு மன்றம் நடத்துகிறவர்கள், சும்மா ஆசைப்பட்டவர்கள் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தார்கள். அவர் மனைவி டாரதி ஷாவும் கூட இருப்பார், அவர் கவிஞர். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி ஆளுக்கொரு குழுவைத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவின் பாப் ஆஸ்குட் அப்படிப் பயின்றவர்களில் ஒருவர். அவர் 1948 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ‘செட்ஸ் இன் ஆர்டர்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கிளப்புகள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த இதழ் வழியாகத்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வந்தது வெள்ளம். புதுசாக முளைத்த புறநகர்கள், அறிமுகமில்லாத அக்கம்பக்கம், கையில் அதிகக் காசில்லாத இளம் தம்பதிகள். மாலையில் இருவரும் சேர்ந்து போக ஓர் இடம் வேண்டும். கிளப்பில் சாராயம் கிடையாது. ஆடுவதற்கு முன் குடிக்கக் கூடாது என்பது இன்றைக்கும் எழுதாத சட்டம். இதோடு ஒலிபெருக்கி சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் காலரின் தொண்டை எட்டுகிற தூரம்தான் கூட்டம். மைக் வந்ததும் ஒரே ஆள் ஊரையே ஆட்டலாம் என்றாயிற்று. 1950 ஜூலையில் சான்டா மோனிகா நகரத்தின் 75-ஆம் ஆண்டு விழாவில் சாலையை அடைத்து சுமார் 15,000 பேர் ஆடினார்கள். 1952-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் முதல் தேசிய மாநாடு. நடுவில் 1951-இல் கனடாவுக்கு வந்த இளவரசி எலிசபெத், ஒட்டாவாவில் கட்டம்போட்ட சட்டையோடு ஸ்கொயர் டான்ஸ் ஆட, அந்தப் படத்தைப் பார்த்து இங்கிலாந்திலும் காய்ச்சல் பற்றிக்கொண்டது.

இங்கே ஒரு குறுக்குச்சால். இந்த நடனம் பரவியதற்கே கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் இனவெறிதான் காரணம் என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். ஃபோர்டின் பங்கு உண்மைதான். 1923-இல் மாசசூசெட்ஸில் ஒரு பழைய விடுதியை வாங்கினார். அந்தப் பக்கத்து நடன ஆசிரியர் பெஞ்சமின் லோவெட்டை மிச்சிகனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1926-இல் நடனப் புத்தகம் வெளியிட்டார். லோவெட் பெயரில் கூடமே கட்டினார். அவருடைய பத்திரிகை ஜாஸ் இசைக்கு யூதர்கள்தான் காரணம் என்று விஷம் கக்கியதும் உண்மை. ஜாஸை விரட்டப் பழைய நடனம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஃபோர்டு வளர்த்தது பந்தாவான கிழக்கத்திக் குவாட்ரில். விரல் நுனி தொட்டு ஆடுவது. ஷா அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், கிளப்புகளாகப் பெருகியது அவர் கிழவர்களிடம் பொறுக்கிய மேற்கத்தி ஆட்டம்தான். ஃபோர்டு ஒருவரின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது வசதியான கதை. கிளப்புகளின் பொற்காலத்தில் ஆடியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களாகவே இருந்ததற்கு, அன்றைய புறநகர் வீடுகள் யாருக்கு விற்கப்பட்டன என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

ஷா 1951-இல் ஓய்வு பெற்றார், 1958-இல் காலமானார். அவர் பெயரில் 1964-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அதற்குள் அவர் அவிழ்த்துவிட்ட கன்று எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. நடனம் எளிமையாக, ஊர் மக்களுடையதாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. நடந்ததோ நேர்மாறு. வாரா வாரம் அதே கூட்டம் வருகிறது. காலர் ஏதாவது புதுசு காட்டாவிட்டால் சலித்துவிடும். ஆளாளுக்குப் புதுக் கட்டளைகளைக் கண்டுபிடித்தார்கள். 1960-களில் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது. ஒரு ஊரில் கற்றவர் பக்கத்து ஊருக்குப் போனால் திருதிரு. வாத்தியக்காரர்களும் மெல்ல வெளியேறினார்கள். அவர்கள் இடத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கம் காலர் குரலோடு, மறுபக்கம் வெறும் இசை.

இந்தக் களேபரத்தை ஒழுங்குபடுத்தக் காலர்கள் தாங்களே ‘காலர்லேப்’ என்ற சங்கத்தை அமைத்து, 1974-இல் முதல் மாநாட்டை நடத்தினார்கள். கட்டளைகளுக்குப் படிநிலை வகுத்தார்கள். ‘மெயின்ஸ்ட்ரீம்’ என்றால் ஏறத்தாழ 70. அதற்கு மேல் ‘பிளஸ்’ இன்னொரு 30. அப்புறம் ‘அட்வான்ஸ்டு’, ‘சாலஞ்ச்’ என்று ஏணி போய்க்கொண்டே இருக்கும். இதனால் விளைந்த நல்லது பெரிது. டென்வரில் மெயின்ஸ்ட்ரீம் முடித்தவர் ஒசாகாவிலும் மியூனிக்கிலும் போய் நேராகச் சதுரத்தில் நிற்கலாம். எந்த நாட்டிலும் கட்டளை ஆங்கிலத்தில்தான். ஜப்பானுக்கு இதைக் கொண்டுபோனவர் டென்வர்க்காரர் ஒருவர் என்பது கொலராடோவில் இருக்கிற உங்களுக்குப் பிடிக்கும்: 1946-இல் நாகசாகியில் அமெரிக்க நிர்வாகத்தின் கல்வி அதிகாரியாக இருந்த வின்ஃபீல்டு நிப்லோ. குண்டு விழுந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ முகாம்கள் வழியாகப் பரவி, 1955-இல் ஐரோப்பியக் கிளப்புகளின் சங்கமே உருவாகிவிட்டது.

கெட்டதும் அதே ஏணியிலிருந்துதான் வந்தது. ஷாவின் காலத்தில் சாயங்காலம் வந்தவர் ராத்திரிக்குள் ஆடிவிடுவார். இப்போது கிளப்பில் சேர வேண்டுமென்றால் முதலில் வகுப்பு; பல ஊர்களில் செப்டம்பரில் தொடங்கி வசந்தம் வரை இழுக்கும். நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டால் விட்ட இடத்தைப் பிடிப்பது கஷ்டம். எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1967-இல் தொடங்கிய ‘டெக் ஸ்கொயர்ஸ்’ பிளஸ் வரைக்கும் 13 வாரத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் அங்கே படிக்கிறவர்களுக்கு இது ஒரு கணக்குப் புதிர் மாதிரி, அந்த வேகத்தை எல்லா ஊரிலும் எதிர்பார்க்க முடியாது. வேலை, குழந்தை, டிராஃபிக் என்று இருக்கிற முப்பது வயதுக்காரர் ஒன்பது மாத வகுப்புக்கு எங்கே போவார்? உங்கள் பக்கத்து வீட்டில் ஆடுகிறவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் என்பதில் ஆச்சரியமே இல்லை. 1982-இல் அதிபர் ரேகன் கையெழுத்திட்டு இதை இரண்டு வருடத்துக்குத் தேசிய நாட்டுப்புற நடனமாக அறிவித்தார். கொலராடோ 1992-இல் மாநில நடனம் ஆக்கியது. பட்டம் வந்த சமயத்தில் கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. அண்மையில் காலர்லேப் சங்கமே சுமார் 50 கட்டளைகளோடு ஒரு சின்னப் பட்டியலைத் தயாரித்திருக்கிறது. எனக்குக் கேட்டால், இதை நாற்பது வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

கிளப்புக்குள் நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எந்த ஊர்க் கிளப்பின் வரலாற்றையும் எடுத்தாலும் பாதிப் பக்கம் இதுதான். ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பேனர் உண்டு. வேறு கிளப்பிலிருந்து ஒரு சதுரத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்து ஆடினால், அந்தப் பேனரைத் தூக்கிக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவர்கள் அங்கே போய் ஆடித்தான் மீட்க வேண்டும். வீம்பு பேச்சு நிறைய இருக்கும், சண்டை இருக்காது. உறவு விடாமல் இருக்க இது ஒரு ஏற்பாடு. புதியவர் வகுப்புக்குப் பழையவர்கள் சம்பளமில்லாமல் வந்து சதுரத்தில் கலந்து நிற்பார்கள். அவர்களுக்கு ‘ஏஞ்சல்’ என்று பெயர். நீங்கள் தப்பான பக்கம் திரும்பினால் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பிவிடுவார்கள். ஓர் இரவு என்பது பல ‘டிப்’களாகப் பிரிந்திருக்கும். ஒரு டிப்பில் முதலில் கட்டளைகளைச் சரமாரியாக விடும் பகுதி. அடுத்து ஒரு சினிமா அல்லது நாட்டுப்புறப் பாட்டைப் பாடிக்கொண்டே அதற்குள் கட்டளைகளைச் செருகும் பகுதி. இடையில் பலகாரம், பேச்சு. கிளப் மூடுகிற கதைகளைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஆடுகிறவர்கள் தீர்ந்து மூடுவதில்லை. காலர் ஓய்வு பெற்றுவிடுவார், அல்லது செயலாளராக இருக்க யாரும் கை தூக்க மாட்டார்கள்.

ஆகவே ஓர் உள்ளூர்க் கிளப்பின் வரலாறு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால், அந்தத் தம்பதியிடமே கேளுங்கள். எப்போது தொடங்கினார்கள் என்று கேட்காதீர்கள், உங்கள் காலர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று பின்னால் போனால், மூன்றாவது நான்காவது ஆளில் செயென் மலையின் கோடை வகுப்பு வந்து நிற்க நல்ல வாய்ப்பு உண்டு.

கேட்டால் நிச்சயம் வகுப்புக்குக் கூப்பிடுவார்கள். எட்டாவது ஆள் கிடைக்காமல் ஒரு சதுரம் காத்திருக்கிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும். போனால் ஒன்றே ஒன்று. காலர் ‘அலெமாண்டு லெஃப்ட்’ என்று கூவியதும் கார்னரிடம் இடக்கையை நீட்ட வேண்டும். நமக்கு அது வராது. சின்ன வயதிலிருந்து இடக்கையை யாரிடமும் நீட்டாதே என்று வளர்த்திருக்கிறார்கள். முதல் நாள் நான் வலக்கையை நீட்டி, எட்டுப் பேர் சதுரத்தையும் நடுக்கூடத்தில் உடைத்து நிறுத்தினேன். எதிரே இருந்த பாட்டி சிரித்துக்கொண்டே என் வாட்ச் கட்டிய கையைத் தட்டி, “இது, தம்பி” என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அன்றிலிருந்து ஆடப் போகும்போது வாட்சைக் கழற்றுவதில்லை.